கொச்சிக் கழிமுகத்தில் சடங்கும் கடற்காப்பும்

கடலைத் தாயென்றும் தெய்வமென்றும் போற்றியமையால்தான் முன்னோர் கடலைக் காத்தனர் என்னும் கருத்து, சுற்றுச்சூழல் சார்ந்த எழுத்துகளில் இன்று பெருவழக்காக உள்ளது. கேட்பதற்கு இனிய இக்கருத்தை வரலாற்றுச் சான்றுகள் எந்த அளவுக்கு உறுதி செய்கின்றன என்பது ஆராயத்தக்கது. பக்தி மிகுந்த கரைகளிலும் மீன்வளம் குன்றியிருக்கிறது. எனவே சடங்கு எதனைக் காத்தது, எவ்வழியில் காத்தது, யாருக்காகக் காத்தது என்னும் வினாக்களை எழுப்பிக்கொள்வது தேவையாகிறது. மட்டாஞ்சேரியையும் வைப்பின் தீவையும் உள்ளடக்கிய கொச்சிக் கழிமுகத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. இதே வழக்காறு நிலவும் பழவேற்காடும் நீர்கொழும்பும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கழிமுகமும் கடல்சார் மக்களும்

கொச்சி இயற்கையின் ஒரு சீற்றத்தால் உருவான துறைமுகம். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் வாய் அகன்றது என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் செய்தி. அதன்பின் வணிகரும் அரசரும் இங்குப் பெயர்ந்தனர். 1555இல் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்து, 1663க்குப்பின் டச்சுக்காரர் செப்பனிட்ட மட்டாஞ்சேரி அரண்மனை இவ்வரலாற்றின் கண்கூடான சான்று. யூதர், கொங்கணியர், கச்சி மேமன்கள், தமிழர் என வணிகத்தாலும் தொழிலாலும் வந்து சேர்ந்தோரைப் பற்றிய எழுத்துகள் பல உள. நீரில் வாழ்ந்தோரைப் பற்றிய எழுத்துகளோ மிகச் சில.

அச்சிலவற்றுள் ஒன்று சீன நாட்டினர் ஒருவரின் குறிப்பு. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங் ஹோவின் கப்பற்படையோடு வந்த மா ஹுவான், கொச்சி மக்களை ஐந்து வகுப்பினராகப் பிரித்து, கடைசி வகுப்பாக முக்குவரைக் கூறுகிறார். மீன்பிடித்தலும் சுமை தூக்குதலும் அவர்தம் தொழில். கடலோரத்தில் வாழ்ந்த அவர்களின் வீடுகள் மூன்று சீன அடிக்கு மேல் உயரலாகாது. உயர்ந்தோரையோ வணிகரையோ வழியில் எதிர்ப்பட்டால் அவர்கள் நிலத்தில் விழுந்து கிடக்க வேண்டும். இக்குறிப்பு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நிலத்தில் எவ்வித அதிகாரமும் இல்லாதிருந்த ஒரு மக்கட்பிரிவினர் தமக்குள் ஒழுங்கு செய்துகொள்ளக் கிடைத்த ஒரே வெளி நீர்வெளி. அவ்வெளியில் அரசாணையின் இடத்தைச் சடங்கு நிரப்பியது எனக் கொள்ள இடமுண்டு.

பிற்காலத்தில் அரசும் இவ்வொழுங்கை அங்கீகரித்ததைக் காணமுடிகிறது. எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இல் வெளியிட்ட கொச்சிப் பழங்குடிகளும் சாதிகளும் பற்றிய நூலின் முதல் தொகுதியில் வாலர்களை விரிவாகப் பேசுகிறார். கழிகளில் மீன்பிடித்தும் ஓடம் செலுத்தியும் வாழ்ந்த வாலர்களுக்கு அரவன் எனப்படும் தலைவர் இருந்தார் என்பதும், அத்தலைமை கொச்சி அரசரின் எழுத்தாணையால் உறுதி செய்யப்பட்டது என்பதும் அக்காலப் பதிவுகளால் அறியப்படும் செய்திகள். குற்றம் விசாரித்தல், தண்டம் விதித்தல், சடங்குகளில் முன்னிற்றல் ஆகியன ஒருவரிடமே குவிந்திருந்தன. மீன்பிடித்தல் ஒழுங்கு வேறு, வழிபாட்டு ஒழுங்கு வேறு என்னும் பகுப்பு அன்று இல்லை.

உவவும் வாவும்

தமிழ் நெய்தல் மரபில் கடற்சடங்கிற்குக் கிடைக்கும் தெளிவான சான்று பட்டினப்பாலையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர், முழுமதி நாளில் கடல் வேட்டைக்குச் செல்லாமல் கரையிலேயே தங்குகின்றனர். சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபட்டு, உண்டும் ஆடியும் அந்நாளைக் கழிக்கின்றனர். இக்கொம்பை வேளா எனப்படும் கொம்புச்சுறாவினுடையது எனக் கொள்வர்.

இக்காட்சியைப் பண்டைத் தமிழரின் மீன்வளப் பாதுகாப்பு எனச் சுட்டும் போக்கு உண்டு. சினைமீனை வழிபட்டனர், மீன்பிடிக்கு ஓய்வு நாள் விட்டனர், எனவே காத்தனர் என்பது அவ்வாதம். அது ஆராய்ந்து ஏற்கத்தக்கது. நடப்பட்ட கொம்பு ஒரு சினைச்சுறா வலையில் பட்டோ கரையொதுங்கியோ இறந்ததால் கிடைத்தது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், நிலவொளி மிகுந்த இரவில் மீன்கள் வலையைக் கண்டு விலகும் ஆதலின் மிதவை வலைத் தொழிலுக்கு முழுமதி நாள் உகந்ததன்று. மீன் கிடைக்காத இரவைத் தெய்வத்திற்கு உரியதாக்குவது எளிது.

கொச்சிக் கழிமுகம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. பழந்தமிழ் உவவு அல்லது உவா என்னும் சொல்லே மலையாளத்தில் வாவு என வழங்குகிறது. பட்டினப்பாலைப் பரதவர் தொழிலை நிறுத்திய அதே உவவு, கொச்சிக் கழிமுகத்தின் ஊன்னிவலைக்காரருக்குத் தொழில் மிகும் நாள். கழியின் அடியில் ஊன்றிய இரு கழிகளுக்கிடையே பை போன்ற வலையைக் கட்டி, ஓதம் வடியும்போது கடலை நோக்கி இழுபடும் இறாலைப் பிடிப்பது ஊன்னிவலை முறை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதத்தின் ஏற்றமும் வடிவும் வலுப்பெறுவதால் அந்நாள்களில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். இந்நாள்களின் தொகுதியைத் தக்கம் என்பர். ஆக, நிலவு ஒன்று, சொல் ஒன்று, ஒழுக்கமோ தலைகீழ். நாளை வகுத்தது கருவியும் நீரின் இயல்பும் என்பதும், வகுத்த நாளை எவரும் மீறாதவாறு செய்ததே சடங்கின் பணி என்பதும் இதனால் புலப்படும்.

கொம்புச்சுறா இனங்கள் 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வழிபாடு அவ்வினத்தை அழிவின் விளிம்பிலிருந்து காக்கவில்லை என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும்.

பாடு

சடங்கின் காக்கும் ஆற்றல் மெய்யாகவே வெளிப்படும் இடம் பாடு என்னும் முறையே. தமிழில் பாடு என்பது இடம், பக்கம், உழைப்பு, வருத்தம் எனப் பல பொருள் தரும் சொல். மீன்பாடு என்னும் வழக்கில் அகப்பட்ட மீனையும் குறிக்கும். பழவேற்காட்டு ஏரியிலும் கொச்சிக் கழிமுகத்திலும் இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும் இச்சொல்லோடு இயைந்த ஒரே வகை முறை காணப்படுகிறது. மீன்பிடிக்கும் இடங்களை வரையறுத்து, அவற்றைக் குலுக்கல் வழியே உறுப்பினர்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளித்தலே அது. ஒரே இடம் ஒருவரிடமே நிலைத்துவிடாது. நல்ல பாடும் தீய பாடும் மாறி மாறி வரும்.

கொச்சியில் ஊன்னிவலைக்கு அரசின் உரிமம் உண்டு. எனினும் யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்பதை மீனவச் சங்கமே முடிவு செய்து வந்துள்ளது. இம்முறையை ஆராய்ந்த கென்டன் லோப், ஃபிக்ரெத் பெர்க்கெஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாடு என்பது மாறாத பழமை அன்று என்றும், இறால் ஏற்றுமதியால் ஏற்பட்ட நெருக்கடிக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட அமைப்பு என்றும் காட்டினர். தொன்மையே சடங்கின் வலிமை எனக் கருதுவோருக்கு இம்முடிவு ஏமாற்றம் தரலாம். எனினும் சடங்கு புதிதாகவும் தோன்றலாம், தோன்றிய பின் பழையது போலவே கட்டுப்படுத்தலாம் என்பதே இதன் சிறப்பு.

பழவேற்காட்டில் இவ்வுரிமை பட்டணவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு உரியது. தலைக்கட்டு என்பது மணமான ஆணை அலகாகக் கொண்ட குடும்பக் கணக்கு. ஊர்க்கோயிலுக்கு வரி செலுத்துவோரும் பாட்டில் பங்கு பெறுவோரும் இக்கணக்கினாலேயே அறியப்படுவர். நீர்கொழும்பில் கத்தோலிக்க மீனவரின் நான்கு சங்கங்கள் இரவுகளைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்கின்றன. ஒவ்வொரு சங்கத்திற்குள்ளும் இடங்கள் குலுக்கலால் முடிவாகின்றன. கட்டுதெல் எனப்படும் இவ்வலைத் தொழிலுக்கு இலங்கை அரசு 1958இல் விதிகளை வகுத்தபோது, வழக்காற்றை அழிக்காமல் அதனையே சட்டமாக்கியது. தென்னாசியாவில் வழக்காற்றுக் கடலுரிமை அரசுச் சட்டத்தில் இடம்பெற்ற அரிய நிகழ்வுகளுள் இஃது ஒன்று.

சமயம் வேறு, மொழி வேறு, அரசு வேறாயினும் அமைப்பு ஒத்திருப்பது கருதத்தக்கது. குலுக்கல் என்பது தெய்வத்தின் முன்னோ ஊரார் முன்னோ நடைபெறும் பொதுச் செயல். முடிவு எவருடைய விருப்பத்தாலும் ஏற்பட்டதன்று என்பதை அனைவரும் கண்ணாரக் காண்கின்றனர். தோற்றவர் முடிவை ஏற்பதற்கு இக்காட்சியே காரணம்.

எனினும் பாடு முறையை மீன்வளப் பாதுகாப்பு எனச் சொல்வது பாதியே உண்மை. வலைகளின் எண்ணிக்கைக்கு அது வரம்பு கட்டியது, மோதலைத் தவிர்த்தது, வெளியாரின் மூலதனம் நுழைவதைத் தடுத்தது. ஆனால் ஊன்னிவலையின் நுண்கண்ணில் சிறு இறாலும் அகப்படும். கடலுக்குச் சென்று வளர வேண்டிய இளம் இறால் கழியிலேயே பிடிபடுகிறது என்னும் குறை மீன்வள அறிவியலாரால் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பங்கீட்டின் நேர்மையைச் சடங்கு காத்தது. வலைக்கண்ணின் அளவை அது வினவவில்லை.

கெட்டும் விஷுவும்

கழியை ஒட்டிய பொக்காளி வயல்களில் நாட்காட்டியே காவலாக அமைந்தது. வைப்பின், செல்லானம், கும்பளங்கி முதலிய பகுதிகளில் மழைக்காலத்தில் உவர்ப்பு நீங்கிய வயலில் உப்பைத் தாங்கும் நெல் விளையும். அறுவடைக்குப் பின் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அதே வயல் இறால் கெட்டு ஆகும். தூம்பின் வழியே ஓதநீரை உள்ளே விட்டு, தூம்பு வாயில் விளக்கு வைத்து இறாலை ஈர்த்து, தக்க நாள்களில் நீர் வடியும்போது வலையிட்டுப் பிடிப்பர். நெல்லின் தாள் அழுகி இறாலுக்கு உணவாகும். இறால் வாழ்ந்த சேறு நெல்லுக்கு உரமாகும். தூம்பு என்னும் சொல் பழந்தமிழ் ஏரிப் பாசனத்திலும் இதே பொருளில் வழங்கியதை அறிஞர் அறிவர்.

விஷுவை ஒட்டி, குத்தகைக் காலம் முடியும்போது, கெட்டு கலக்கல் நடைபெறும். அன்று வயல் அனைவருக்கும் திறக்கப்படும். குத்தகைக்காரர் விட்டுவைத்த மீனை ஊரார் சேற்றில் இறங்கிக் கையாலும் சிறு வலையாலும் அள்ளிச் செல்வர். ஒரு நாள் கேளிக்கையாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. தனியார் உரிமை முடிந்தது, நீர் மீண்டும் பொதுவாயிற்று, இனி நெல்லுக்கு நிலம் அணியமாக வேண்டும் என்னும் மூன்று அறிவிப்புகள் அதில் அடங்கியுள்ளன. குத்தகையை ஒரு வாரம் நீட்டிக்க விரும்பும் முதலாளி, சட்டத்தை மட்டுமின்றிக் கூடை ஏந்திக் கரையில் நிற்கும் ஊரையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

பொக்காளி அரிசிக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் ஆண்டு முழுதும் இறால் வளர்ப்பே ஆதாயம் எனப் பல வயல்களில் நெல் கைவிடப்பட்டது. நெல் போனபின் விஷுவுக்கு வயலைத் திறக்கும் தேவையும் போகிறது. சடங்கு அழிந்ததால் முறை அழிந்ததா, முறை அழிந்ததால் சடங்கு அழிந்ததா என்னும் வினாவிற்கு இங்குப் பின்னதே விடை.

கடக்கோடியும் அரசுச் சட்டமும்

கொச்சிக்கு வடக்கே, காசர்கோட்டுக் கடற்கரையில், கடக்கோடி எனப்படும் கடல் நீதிமன்றம் மீனவரின் பகவதி கோயில்களை ஒட்டி இயங்கி வந்தது. கோயிலின் பதவிகளை வகிப்போரே நடுவராக அமர்ந்து, எந்த வலை எப்போது இறங்கலாம் என்பதையும், வலை அறுந்தால் யார் ஈடு செய்வது என்பதையும் முடிவு செய்தனர். தீர்ப்பின் வலிமை கோயிலோடு மக்கள் கொண்ட உறவிலிருந்து பிறந்தது. ஆதலின் அவ்வுறவுக்கு வெளியே நின்ற இழுவைப் படகுக்கு அது ஒரு பொருட்டன்று.

1953இல் கொல்லம் பகுதியில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தின் வழியே இயந்திர மீன்பிடிப்பு கேரளத்தில் வேரூன்றியது. இறாலின் ஏற்றுமதி விலை அதனை விரைவாகப் பரப்பியது. கொச்சி அதன் முதன்மைத் தளங்களுள் ஒன்றாயிற்று. கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980இல் வந்தது. அதன்பின்னும் மழைக்கால இழுவைத் தடைக்காக மரபு மீனவர் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் அப்போராட்டங்களில் உண்ணாநோன்பு இருந்தனர். கரையில் தெய்வத்தின் முன் இருந்த நோன்பு அரசின் வாயிலில் இருக்கும் நோன்பாக மாறியது எனலாம். 1988 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2018 முதல் அது 52 நாள்களாக உள்ளது.

கேரளக் கடற்பரப்பில் சுருக்குவலை உள்ளிட்ட சில வலைகளைத் தடுத்த அரசாணையை உச்ச நீதிமன்றம் 1993இல் ஏற்றுக்கொண்டது. மரபு மீனவரின் வாழ்வுரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. கடக்கோடி பேசிய அதே பொருளை நாட்டின் உயர்ந்த மன்றம் வேறு மொழியில் பேசிற்று. ஆனால் அவ்வாணையைக் கடலில் காவல் செய்யக் கோயில் ஊரார் போன்ற சாட்சிகள் அதற்கு இல்லை.

சடங்கின் நாளைச் சட்டமே எடுத்துக்கொண்ட நிகழ்வும் உண்டு. மகாராட்டிரத்தில் கோலி மீனவர் ஆவணிப் பௌர்ணமியாகிய நாரளி பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் படைத்தபின்பே தொழில் தொடங்குவர். அம்மாநில மழைக்காலத் தடை நெடுங்காலம் ஆகஸ்டு 15 அல்லது நாரளி பூர்ணிமை, இவற்றுள் முந்தியதுவரை என வரையறுக்கப்பட்டிருந்தது. பின்னர் மேற்குக் கரை முழுவதற்கும் ஒரே தடைக்காலம் வகுக்கப்பட்டு, சூன் 1 முதல் சூலை 31 வரை என்றானபோது நிலவு சட்டத்திலிருந்து மறைந்தது. ஆகஸ்டு முதல் நாள் படகுகள் புறப்படுகின்றன. தேங்காயோ அதன்பின் வரும் பௌர்ணமிக்குக் காத்திருக்கிறது.

விலக்கப்பட்டோர்

சடங்கை அடிப்படையாகக் கொண்டு கடலைக் காக்க முற்படுவோர் இதனைக் கடந்து செல்ல இயலாது. உறுப்பினர் யார் என்பதைச் சடங்கு வரையறுத்தது என்றால், உறுப்பினர் அல்லாதார் யார் என்பதையும் அதுவே வரையறுத்தது. பழவேற்காட்டில் தலைக்கட்டு உரிமை பிற சாதியினருக்கு இல்லை. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்குப் பாட்டில் இடமில்லை. நீர்கொழும்பில் உரிமை கத்தோலிக்க ஆண்களுக்கு உரியது. பொக்காளி வயலில் நாற்றுப் பிரித்து நட்டவருள் பெரும்பாலோர் புலையர் சமூகப் பெண்கள். கெட்டின் ஆதாயமோ நிலவுடைமையாளருக்கும் குத்தகையாளருக்கும் உரியது. ஆண்டில் ஒரு நாள், கெட்டு கலக்கலன்று, அவர்களும் சேற்றில் இறங்கலாம்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் 2014இல் ஏற்கப்பட்ட சிறுதொழில் மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகள் வழக்காற்று உரிமைகளை மதிக்கச் சொல்கின்றன. பெண்களுக்குச் சமநிலையும் கோருகின்றன. இவ்விரண்டும் பாட்டுக் குலுக்கல் நடைபெறும் இடத்தில் எளிதில் ஒத்துப்போவதில்லை. மா ஹுவான் கண்ட முக்குவரின் வழிவந்தோர் தம் நீர்வெளியில் மற்றொருவரை விழுந்து கிடக்கச் செய்யலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

மணிகள்

வழக்காற்றின் எல்லை அண்மையில் இரு கழிமுகங்களிலும் ஒரே வகையில் சோதிக்கப்பட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் நெகிழி மணிகள் கடலில் கலந்து நீர்கொழும்புக் கரையை மூடின. பாடு போட்டுப் பகிர்ந்த இரவுகளில் வலை இறங்கவில்லை. 2025 மே 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்தும் நெகிழி மணிகள் கேரளக் கரைகளிலும் தமிழகத்தின் தென்கரைகளிலும் ஒதுங்கின.

இக்கப்பல்களின் உரிமையாளர் எந்தக் கோயிலின் ஊராரும் அல்லர், எந்தச் சங்கத்தின் உறுப்பினரும் அல்லர். எனவே தண்டம் விதிக்கும் பொறுப்பு அரசின் மன்றங்களைச் சேர்ந்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டாலர் ஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் ஈடு கோரி உயர் நீதிமன்றத்தை அணுகியது. இத்தகைய வழக்குகளில் இழப்புற்றோர் யார், எத்தனை நாள், எந்த இடத்தில் தொழில் இழந்தனர் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். கழிமுகத்தின் எந்த இடம் எந்த நாளில் யாருடையது என்பதற்குக் குலுக்கல் நடத்தும் சங்கங்களின் பெயர்ப்பட்டியல் நேரடிச் சான்றாக அமையக்கூடும். அப்பட்டியலில் பெயர் இல்லாத இருளப் பெண்ணுக்கும் பொக்காளி வயலின் கூலிப் பெண்ணுக்கும் எந்த ஏடு சான்றாகும் என்பது இன்னும் விடை காணப்படாத வினா.